ஒன்பதாவது பாட்டு

"அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை லோகா எழுதுவது. போன வாரப் பத்திரிகையில் 'சமையற்கட்டு இளவரசன்' படத்தில் எட்டுப் பாட்டு என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது. 'என் தங்கை இல்லாத பாட்டொன்றைப் பல வருடம் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள்' என்றும் எழுதியிருக்கிறாய். வீட்டில் சொன்னது போதாதென்று இப்போது ஊருக்கே சொல்லிவிட்டாய். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஏழு வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். லிஃப்டில் ஓர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். திருத்தம் போடு. அதுவரை உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தீபாவளிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

இது பதிவுத் தபாலில் வந்தது. லோகா இருப்பது ஆயர் ஈத்தாமில், நான் இருப்பது ஜெலுத்தோங்கில். பஸ் பிடித்தால் அரை மணி நேரம். கைப்பேசியில் தட்டினால் அதுகூட இல்லை. ஆனாலும் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, பதிவு செய்து, ரசீது வாங்கி அனுப்பியிருக்கிறாள். நான் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். நாளைக்கு நான் "கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடக் கூடாதாம்.

கடிதத்தின் மூலையில் தேதி, கிழமை, எழுதத் தொடங்கிய நேரம்கூடப் போட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு நோட்டில் குறித்துவைக்கும் என்னைக் குத்துவதற்குத்தான். அவற்றை இங்கே தர முடியவில்லை. என் பழைய ஞாபகங்களை எழுதும் இந்தத் தொடரில் தேதிகள் வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். "தேதி இல்லையேன்னு எந்த வாசகரும் அழ மாட்டாங்க சார்" என்றார். நான் அழுகிறேன். அது அவருக்குக் கணக்கில் இல்லை.

இந்த வாரம் துறைமுக அலுவலகத்தில் என் முதல் நாளைப் பற்றி எழுதுவதாக இருந்தது. அது அப்படியே இருக்கட்டும். கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை.

யாரும் சாகாத நாடகம்

சென்ற வாரம் தவறவிட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

ஐரோப்பாவில் ஆப்பரெட்டா என்று ஒரு நாடக வகை இருந்தது. பாதி பேச்சு, பாதி பாட்டு. முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் பெரிய ஆப்பராவில் கதாநாயகி பாடிக்கொண்டே சாவாள். ஆப்பரெட்டாவில் யாரும் சாக மாட்டார்கள். மிஞ்சிப்போனால் யாருக்காவது ஜலதோஷம் பிடிக்கும். சினிமா பேசத் தொடங்கியதும் இந்த நாடகங்களைப் படமாக எடுத்துத் தள்ளினார்கள். எல்லா ஊரிலும் ஓடிக் களைத்த பிறகு அவற்றில் சில எங்கள் ஜார்ஜ்டவுனுக்கும் வந்தன. பினாங்குத் தியேட்டர்காரர்கள் அவற்றுக்குத் தமிழில் துண்டு நோட்டீஸ் அடித்து, தாங்களே ஒரு பெயரும் வைத்துவிடுவார்கள். 'சமையற்கட்டு இளவரசன்' அப்படி வந்த பெயர். அசல் பெயர் எனக்கு வாயில் நுழையாது.

கதையைக் கேளுங்கள். முகமே பார்க்காத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள மனமில்லாமல் ஓர் இளவரசன் ஓடிப்போய் ஒரு சத்திரத்தில் சமையற்காரனாகச் சேர்கிறான். அதே கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவந்த இளவரசி அதே சத்திரத்தில் துணி துவைக்கிறாள். இருவருக்கும் காதல். இதற்கிடையில் உண்மையான சமையற்காரனை எல்லோரும் இளவரசன் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். அவனுக்கு அது பிடித்தும் போகிறது.

யாராவது ஒருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் படம் முடிந்துவிடும். யாரும் உட்காருவதில்லை. எல்லோரும் கைகோத்துச் சுற்றுகிறார்கள். கேள்வி கேட்டால் பாட்டு, பதில் சொன்னால் பாட்டு, சூப்பில் உப்பு அதிகம் என்றால் அதற்குப் பதினாறு பேர் சேர்ந்து ஒரு பாட்டு.

நம்மூருக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம் இங்கே பினாங்கில்தான் செழித்தது. அதிலும் ராஜா, மந்திரி, நடுநடுவே கோமாளிப் பாட்டு. அப்பா அந்தக் கொட்டகைகளில் விழுந்து கிடந்தவர். "கதை புரியலன்னா என்னடா இப்ப? கொஞ்சம் பொறு, அடுத்த பாட்டு வந்துரும்" என்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்குக் காரணம் வேண்டும்.

இந்தப் படத்தின் மேல் எனக்கிருந்த கோபமும் அதுதான். கடைசிக் காட்சியில் இளவரசி திடீரென்று வந்து, "நீ யாரென்று எனக்குத் தெரியும்" என்கிறாள். எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? படத்தில் பதில் இல்லை. "இந்த வகைப் படங்களின் அழகே அவற்றின் பொறுப்பின்மைதான்" என்று சென்ற வாரம் முடித்திருந்தேன். அந்த வாக்கியம் நன்றாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

சாப்பாட்டு மேசை

லோகா அப்போது தட்டெழுத்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயது பதினெட்டு. எனக்கு இருபத்தொன்று, வேலையில் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை அவள் தோழிகளோடு மூன்று மணி ஆட்டத்துக்குப் போனாள். நான் அன்றைக்கே ஏழு மணி ஆட்டத்துக்குத் தனியாகப் போனேன். ஒரே தியேட்டர், ஒரே படம்.

நான் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டு வைத்தார். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்தப் படிக்கட்டுப் பாட்டு எப்படி?" என்றாள் லோகா.

"எந்தப் படிக்கட்டு?"

"அந்த வேலைக்காரி மெழுகுவத்திய ஏந்திக்கிட்டு ஏறுவாளே! அவளுக்கு மட்டும் எல்லா ரகசியமும் தெரியும். ஒரு படி ஏறி 'சொல்லிடுறேன்'ம்பா. ரெண்டு படி எறங்கி 'நமக்கெதுக்கு வம்பு'ம்பா. படத்துலயே அதுதான் பாட்டு."

"அப்படி ஒரு பாட்டே இல்ல. மொத்தம் எட்டு. எழுதி வச்சிருக்கேன்."

"ஒம்பது!"

"லோகா, நான் இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

"நான் மட்டும் என்ன, கனவுலயா பாத்தேன்?"

நாங்கள் இருந்தது கடை வீட்டின் மேல்மாடி. செங்குத்தான மரப்படிகள். லோகா எழுந்துபோய் அந்தப் படியில் ஏறி இறங்கிப் பாடவே தொடங்கிவிட்டாள். வார்த்தை தெரியாது, 'லலலா'தான். ஆனால் மெட்டு இருந்தது, ஒவ்வொரு படிக்கும் ஒரு முகம் இருந்தது. பதினொரு படி ஏறி, கடைசிப் படியில் நின்று, ஏதோ கதவைத் தட்டுவதுபோலக் காற்றில் தட்டினாள்.

அப்பா கைதட்டினார். அம்மா, "நல்லாத்தான் கட்டுறா கதைய" என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, எட்டுப் பாட்டையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். "இதுல இல்லன்னா அது நடக்கல" என்றேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல நின்றுகொண்டு சொன்னேன். லோகா படியிலிருந்து இறங்கி வந்து, மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'படிக்கட்டுப் பாட்டு' என்றால் புளுகு என்று பொருள். பஸ் வரவில்லை, அதனால்தான் தாமதம் என்று யாராவது சொன்னால், "படிக்கட்டுப் பாட்டு பாடாத." வாங்கி வந்த மீன் காலையில்தான் பிடித்தது என்று அப்பா சொன்னால் அம்மா, "யாரு, மீன்காரன் பாடின படிக்கட்டுப் பாட்டா?" சொந்தக்காரர்கள்வரை அது பரவியது. பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. லோகாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காது

இதைச் சென்ற வாரம் எழுதவில்லை. வேடிக்கையான அத்தியாயத்தில் இதற்கு இடமில்லை என்று நினைத்தேன்.

படம் பார்த்து இரண்டு மூன்று வருடம் கழித்து, இடது காதில் ஏதோ ஓயாமல் இரைகிறது என்று லோகா சொன்னாள். "வண்டு மாதிரி. ராத்திரியில ரொம்ப சத்தமா இருக்கு" என்றாள்.

"எத்தனையாவது பாட்டு?" என்று கேட்டேன்.

வீடே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குக் கல்யாணமாகி, மகள் மாலா பிறந்த பிறகு, இடது பக்கம் நின்று பேசினால் லோகா திரும்புவதில்லை என்பதை மற்றவர்கள் கவனித்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு இடது காது போய்விட்டது என்றார். இப்போது வலது காதுக்கும் கருவி. நான் வாதம் செய்ய ஆரம்பித்தால் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறாள். ஆத்திரமாக வரும். அவள் கழற்றும்போது நான் பெரும்பாலும் பாதி வாக்கியத்தில் இருப்பேன்.

முன்னமே காட்டியிருந்தால் காது தப்பியிருக்குமா என்று அந்த டாக்டரைக் கேட்டோம். சொல்ல முடியாது என்றார்.

சாட்சிக்குப் போன நோட்டு

கடிதம் வந்த அன்றே நோட்டுகள் இருக்கும் டின்னைக் கீழே இறக்கினேன். எதற்கு என்று ஒளிக்க வேண்டாம்: பக்கத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பி, எட்டுதான் என்று நிரூபித்து, திருத்தத்துக்கு அவசியமே இல்லை என்று முடிப்பதற்கு.

பக்கம் கிடைத்தது. இடது பக்கத்தில் தியேட்டர் நோட்டீஸ், அரிசிக் கஞ்சியால் ஒட்டியது, ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. வலது பக்கத்தில் என் கையெழுத்து. ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், நாற்காலி எண், எட்டுப் பாட்டு, அவற்றுக்குக் கீழே இப்படி:

"வழியில் மழை. குடை எடுக்கவில்லை. ஏழாவது பாட்டுக்குப் பிறகு திரை கறுப்பு, சனங்கள் விசில். இளவரசிக்கு எப்படித் தெரிந்தது? விளக்கம் இல்லை. மட்டமான கதை."

நோட்டீஸில் கொட்டை எழுத்தில்: 'ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓயாத சிரிப்பு!'

நான் எழுதிவைத்த இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்தேன். நூறு நிமிடம்கூட வரவில்லை. இதில் கறுப்புத் திரை நேரமும் சேர்த்தி. கடிகாரம் பிழையா என்று முந்தைய பக்கத்தைப் பார்த்தேன். அன்று காலையில்தான் வானொலிச் செய்தியை வைத்துச் சரிசெய்திருந்தேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன், பாவி.

இரண்டு எண்களும் எதிரெதிர்ப் பக்கத்தில், நோட்டை மூடினால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இத்தனை வருடம் கிடந்திருக்கின்றன. நான் ஒருநாளும் கழித்துப் பார்க்கவில்லை. மனிதனுக்குக் கோபம் வருமா வராதா?

காதர் அண்ணன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்

ஜெலுத்தோங் பாசாருக்குப் பின்னால் காதர் அண்ணனின் சாப்பாட்டுக் கடை. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். எண்பதை நெருங்கும் காதர் அண்ணன் காலையில் வந்து வாசல் மேசையில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுவார். கடை போடுவதற்கு முன்னால் தியேட்டர்களில் வேலை பார்த்தவர். பழைய தியேட்டர்கள் எப்போது திறந்தன, எப்போது மூடின என்று நான் முப்பது வருடமாகக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஆள் அவர்தான்.

தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், ஒன்று சொல்லிவிட்டு நோட்டை அவர் முன் விரித்தேன். "அண்ணே, இது ஏன் இப்படிக் கறுப்பாச்சி?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அந்தக் காலத்து முதலாளி உள்ளே நிற்பதுபோல.

"இது அந்த பஞ்சிர் அன்னிக்கு லா, தம்பி" என்றார். "ஆயர் ஈத்தாம் ரோட்டுல தண்ணி முட்டி வரைக்கும்."

"வெள்ளத்துக்கும் படத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"படப்பெட்டி ஒண்ணுதான் வரும். தியேட்டர் ரெண்டு. ஆயர் ஈத்தாம்ல முக்கால் மணி முன்னாடி ஆரம்பிச்சிருவாங்க. அங்க ஓடி முடிஞ்ச ரீல நான் மோட்டோல டவுனுக்குக் கொண்டாருவேன். இங்க ஓடும். ஒரு நடைக்கு ரெண்டு ரீல் டின். மூணு மணி ஆட்டம் தடங்கலில்லாம ஓடுச்சி. ராவு ஆட்டத்துக்குத்தான் மழை பிடிச்சிக்கிச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைசி நடையில மோட்டோ சாஞ்சிருச்சி. ஒரு டின்னு கையில. இன்னொண்ணு லோங்காங்குல."

லோங்காங் என்றால் எங்களூர்ச் சாலையோரச் சாக்கடை.

"எந்த டின்னு விழுந்துச்சி?"

"கடைசிக்கு முந்தினது. நனைஞ்சதை மெசின்ல மாட்ட முடியுமா? சனம் விசிலடிக்குது. ஆப்பரேட்டர் கடைசி ரீல எடுத்துப் போட்டுட்டாரு. 'வாயத் தொறக்காத காதரு, மொதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்'னாரு. நான் அந்த ரீல என் கைலியால தொடச்சி, நாக்காலி நாக்காலியா விரிச்சிக் காயப் போட்டேன்."

"அந்த ரீல்ல என்ன இருந்துச்சி?"

காதர் அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வலது கையின் இரண்டு விரல்களை மேசைமேல் நிற்க வைத்தார். ஒரு விரல் முன்னால். இரண்டு விரல் பின்னால். மறுபடி முன்னால். பற்கள் போன வாயால் அந்த மெட்டை முனகினார்.

எனக்குத் தெரிந்த மெட்டு. எங்கள் வீட்டு மரப்படியில் கேட்ட மெட்டு.

"முப்பது வருஷமா உங்க கடையில உக்காந்து தியேட்டர் கதையா கேக்குறேன். ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"நீ எப்ப தம்பி படத்தப் பத்திக் கேட்ட? தொறந்த தேதி, மூடின தேதி. அவ்வளவுதானே கேப்ப. அதைத்தானே சொன்னேன்?"

தே ஓ ஆறிவிட்டிருந்தது. அதைப் பற்றியும் எரிச்சல்பட்டேன். மகன் வேறு ஒன்று கொண்டுவந்து வைத்தார்.

பதினொரு படி

செபராங் ஜெயாவில் அலுவலகம் போகும் மாலாவுக்கு படத்தின் அசல் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்பினேன். இரண்டே நாளில் முழுப் படத்தையும் தேடிப் பிடித்து, மடிக்கணினியில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்னையும் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். லோகா என் வீட்டுக்கு வரமாட்டேன் என்றுதான் எழுதியிருந்தாள். அவள் வீட்டுக்கு நான் வரக்கூடாது என்று எழுதவில்லை.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, "திருத்தம் கொண்டாந்தியா?" என்றாள்.

"படம் கொண்டாந்திருக்கேன்."

"நான் ஏற்கெனவே பாத்தாச்சி. நீதான் முழுசா பாக்கல."

"லோகா, நான் சொல்றதக் கேளு. அன்னிக்கு மழை, ரீல் ஒண்ணு..."

கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். மாலா என்னைப் பார்த்து, "விடுங்க மாமா, படத்தைப் போட்டுருவோம்" என்றாள்.

போட்டோம். சூப்புப் பாட்டு வந்தது. பதினாறு பேரும் சுற்றினார்கள். எனக்குப் பழைய எரிச்சலெல்லாம் மீண்டும் வந்தது. ஏழாவது பாட்டு முடிந்தது. திரை கறுக்கவில்லை.

சத்திரத்து மாடிப்படி. வேலைக்காரி விளக்கோடு வந்து முதல் படியில் கால் வைத்தாள்.

லோகா கருவியை எடுக்கவில்லை. மாலா ஜாடை காட்டியதற்கு, "எனக்கு எதுக்கு? கேட்டதுதானே" என்றாள். தன் முழங்காலில் விரலால் தட்டத் தொடங்கினாள். நான் வழக்கம்போலச் சரிபார்த்தேன். திரையில் கால் படியைத் தொடும் நொடியும் அவள் விரல் முழங்காலைத் தொடும் நொடியும் ஒன்றாகவே இருந்தன. கொஞ்ச நேரத்தில் விரல் காலுக்கு முன்னாலேயே போய்விட்டது. வேலைக்காரி எங்கே தயங்குவாள், எங்கே இரண்டு படி இறங்குவாள் என்பதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அந்தப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படத்திலேயே உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்த வேலைக்காரி. அவள் வாய் திறந்தால் எல்லா ஆட்டமும் பாட்டும் நின்றுபோகும். அது அவளுக்கே தெரியும். அதனால்தான் ஏறுகிறாள், இறங்குகிறாள். பதினோராவது படியில் இளவரசியின் கதவைத் தட்டி, காதில் எதையோ சொல்லிவிட்டு, விளக்கை ஊதி அணைக்கிறாள். இளவரசிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேனே, இப்படித்தான். முதல் காட்சியிலிருந்து எல்லாமே இந்தப் படிக்கட்டுக்குத்தான் அளந்து கட்டியிருக்கிறது. சூப்பில் உப்பு அதிகமானதுகூட, உப்பை அள்ளிப் போட்டவனுக்குச் சமையலே தெரியாது என்று வேலைக்காரி அன்றைக்குக் கண்டுகொள்வதற்காக. அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட வீணில்லை. பொறுப்பின்மை என்று நான் எழுதியது லோங்காங்கில் டின் விழுந்ததால் வந்த ஓட்டையைப் பார்த்து.

லோகா எல்லாக் காலமும் மெழுகுவர்த்தி என்றே சொல்லிவந்தாள். திரையில் இருந்தது எண்ணெய் விளக்கு. சொல்ல வாயெடுத்தேன். மாலா என் கையை அழுத்தினாள். சொல்லவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

படம் முடிந்ததும் கருவியை மாட்டிக்கொண்டாள். காதர் அண்ணன் சொன்னது முழுவதையும் வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். டின் விழுந்த இடத்தில் சிரித்தாள். கைலியால் துடைத்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அப்ப ஒம்பதுன்னு எழுதிருவல்ல?"

"எழுதிடுறேன்."

"அண்ணே, பாட்டு கெடக்கட்டும். காதையும் எழுது."

நான் மடிக்கணினியை மூடினேன்.

"தேதியோட எழுது. தேதி இருந்தாத்தானே உனக்கு நம்பிக்கை. தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில சொன்னேன். நீ ஜன்னல்கிட்ட நின்னு சவரம் பண்ணிக்கிட்டிருந்த. அன்னிக்கு ஒரு தடவை, அந்த வாரத்துல இன்னும் ரெண்டு தடவை. மொத்தம் மூணு."

"மூணா? எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம்" என்றேன்.

மாலா தலையில் கை வைத்துக்கொண்டாள். லோகா கருவியைக் கழற்றவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் உன் நோட்டப் பாரு" என்றாள்.

திருத்தம்

சென்ற வாரம் 'சமையற்கட்டு இளவரசன்' படத்தில் எட்டுப் பாட்டு என்று எழுதியது தவறு. ஒன்பது. என் தங்கை லோகா சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அவள் இல்லாத பாட்டைப் பாடவில்லை. கதையில் ஓட்டை என்று எழுதியதும் தவறு. ஆயர் ஈத்தாம் புளோக்கில் இதை வாங்கும் ஏழு வீட்டாரும், லிஃப்டில் சிரித்த அம்மாவும் குறித்துக்கொள்ளவும்.

நோட்டைப் பார்த்தேன். காது இரைந்த அந்த ஆண்டின் தைப்பூசத்துக்கு மறுநாள் இருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த வழி, ரதம் திரும்பிய நேரம், கால் கொப்புளம், காலை வெயில், புதிய சவர பிளேடு வாங்கியது எல்லாம் இருக்கின்றன. அந்த வாரத்தின் மற்ற ஆறு நாளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவள் காதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே: லோகா தன் இடது காது இரைவதாக முதலில் சொன்னது தைப்பூசத்துக்கு மறுநாள் காலை. அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை சொன்னாள். மொத்தம் மூன்று. இது அவள் சொன்னது. நோட்டில் இல்லை, வேறு சாட்சி இல்லை, சரிபார்க்கப்படவில்லை.